கிணற்றுக்குள் ஒரு பிள்ளை

“…தமிழில ‘மேசைக்குக் கீழ பூனை’ எண்டு இடத்தை முன்னுக்குச் சொல்லுவம். இங்கிலீசில ‘த கேற் அண்டர் த டேபிள்’. பூனை முதல், இடம் பிறகு,” என்று றெஜினா ரீச்சர் சொல்லிக்கொண்டிருந்தாள். மகளைக் கூட்டிப்போக மன்னாரில் அவள் வீட்டு ரியூசன் கொட்டிலுக்குப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

சிறுமிகளாக நானும் றெஜினாவும் இதே பாடத்தை இதே முற்றத்தில்தான் படித்தோம். ஆங்கில வகுப்பில் தமிழ் கதைத்தால் முழங்காலில் நிற்கவேண்டும் என்பது எங்களுக்குப் படிப்பித்த சேரின் சட்டம். ஆளுக்கொரு உதாரணம் கேட்டார். நான் வேலியடி ஆட்டைச் சொன்னேன். அடுத்து எழும்பிய றெஜினா, முற்றத்துக் கிணற்றையே பார்த்தபடி, முகம் வெளிறி, “த பேபி இன் த வெல்,” என்றாள்.

“குட். அடுத்த ஆள்.”

அவள் உட்காராமல் அதையே திரும்பச் சொன்னாள்.

“குட் எண்டனான்தானே பிள்ளை, பிறகென்ன?” என்று சேர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

“தம்பி கிணத்துக்க விழுந்திட்டான் சேர்,” என்றாள் தமிழில். சொன்னவள் உடனே முழங்காலில் நின்றாள்.

சேர் செருப்போடு கிணற்றுக்குள் குதித்தார். தம்பி பிழைத்தான். அவள் மட்டும், எழும்பச் சொல்லும்வரை எழும்பவில்லை.

இன்று வகுப்பில் ஒரு குறும்பன் கையை உயர்த்தி, “த டொங்கி இன் த வெல், ரீச்சர்,” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கிணற்றுக்குள் கழுதையாம்.

றெஜினா குட் சொல்லவில்லை. சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, கிணற்றடிக்குப் போய், குனிந்து உள்ளே பார்த்தாள்.