மருதாயி கட்டுன பம்பயா

கலவானப் பக்கம் புதுசா ஒரு சுவர் எழும்புனா போதும், மருதாயியத் தேடி ஆள் வந்துரும். கண்ணு பட்டுறக் கூடாதுன்னு கட்டுற கட்டடத்துல ஒரு பொம்மையை நிறுத்துவாங்களே, பம்பயா, அதைக் கட்டுறதுல அவள மிஞ்ச ஆள் கிடையாது. வைக்கோலத் திணிச்சு, ரெண்டு கையையும் விரிச்சு, சட்டை களிசான் மாட்டிவிட்டான்னா நாய்கூடக் குரைக்கும். "என் வீட்டுக்காரரைவிட இவரு சொன்ன பேச்சக் கேப்பாரு"ன்னு சிரிப்பா. வாய் சும்மா இருக்காது அவளுக்கு.

ரோட்டோரமா மூணு மாடித் தேயிலை பெக்டரி ஒண்ணு எழும்பிச்சு. மேல் மாடி ஜன்னல்ல புருசன் இந்திரகுமாரோட பழைய சிவப்புச் சட்டையப் போட்டு ஒரு பம்பயாவ நிறுத்தினா. அவருக்கும் அங்கதான் கூலி வேலை.

ஒரு மழை நாள். வெல்டிங் பொறி விழுந்து கீழ அடுக்கியிருந்த பெயின்ட் டின்னெல்லாம் பத்திக்கிச்சு. மாடிப்படி பூராக் கரும்புகை. கொழுந்துக் கூடையோட மலையிலிருந்து ஓடி வந்தா மருதாயி. ஏணி ஒண்ணே ஒண்ணு, எதிர்க்கடை ஷிராஸோடது.

"அக்கா, மேல ஒரு ஆள் நிக்கிறாப்ல இருக்கே!"ன்னு கத்துனான் ஷிராஸ்.

நிமிந்து பாத்தா. புகைக்குள்ள சிவப்புச் சட்டை. ரெண்டு கையும் விரிச்சபடி. அசையல.

"ஐயோ, அது நான் கட்டுன பம்பயா தம்பி! ஆளுங்க பின்பக்கம் இருப்பாங்க, என் வீட்டுக்காரரும் அங்கதான், ஓடுங்க!"

பின்பக்கம் ரெண்டு பேரை உசுரோட இறக்குனாங்க. இந்திரகுமார் இல்ல. திரும்பி முன்னுக்கு வந்தா, ஜன்னல்ல யாரையும் காணோம்.

செத்தவங்க நாலு பேர். இந்திரகுமார் அந்த ஜன்னலடியில கிடந்தாரு, சிவப்புச் சட்டையோட. நெருப்பு அங்க ஏறவேயில்ல, புகைதான் கொன்னுச்சு. பம்பயா மூலையில பொட்டுக் கருகாம சாஞ்சு நின்னுச்சு, அவரோட ஈரச் சட்டையப் போட்டுக்கிட்டு. மழையில நனைஞ்சு வந்த மனுசன், பழைய சட்டை தன்னோடதுதானேன்னு மாத்திக்கிட்டிருக்காரு. மூச்சு முட்டி, ஜன்னல் ரெண்டு பக்கமும் கையூன்றி நின்னிருக்காரு.

"நானே கொன்னுட்டேனே!"ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. பாவி மகளே, ரெண்டு உசுரக் காப்பாத்துனவளும் நீதானேன்னு சொன்னா அவ காதுல ஏறுமா? பம்பயான்னு தான் கத்துனது அவருக்குக் கேட்டிருக்கும், அதுதான் அவளத் தூங்கவிடல.

இப்ப அவ பம்பயா கட்டுறதில்ல. எந்தக் கட்டடத்துல ஒண்ணைப் பாத்தாலும் அந்த இடத்தவிட்டு நகரமாட்டா. "ஏணி வை தம்பி, மனுசன் நிக்கிறாரு." பைத்தியம்னு சொல்றவன் வாயில மண்ணு விழ! ஷிராஸ்தான் ஓடி வருவான். ஏணியச் சாத்தி ஏறி, பம்பயாவோட நெஞ்சத் தொட்டுப் பாத்துட்டு, "வைக்கோல்தான் அக்கா"ம்பான். அப்புறந்தான் அவ நகருவா.

போன வாரம் அடைமழை. சொட்டச் சொட்ட நனைஞ்சு நின்ன ஒரு பம்பயாவத் தொட்டவன், கையைச் சட்டுனு இழுத்துக்கிட்டான். நெஞ்சு அனலாச் சுட்டுச்சாம். கீழ மருதாயி அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னா.

"வைக்கோல்தான் அக்கா"ன்னு சொல்லிட்டு இறங்குனான்.