ஆடிக் காற்றும் சூட்டுக் கம்பியும்

என் மேசை இழுப்பறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஃபோம் துண்டு கிடக்கிறது. நடுவில் விரல் பட்டாலே பொடியாக உதிர்கிறது. ஓரம் மட்டும் அன்று கருகிக் கெட்டிப்பட்டது அப்படியே இருக்கிறது. தூக்கிப்போட எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன், மனம் வந்ததில்லை. அதை வெட்டியது நான். அந்தப் புகையைக் குடித்தவள் என் அக்கா.

தொண்ணூறுகளின் நடுவில் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு தகர ஷெட்டில் நானும் அக்காவும் பேக்கிங்குக்குத் தெர்மகோல் வெட்டிக்கொண்டிருந்தோம். அக்கா திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். கணவன் விட்டுப்போனபின் கைக்குழந்தையோடு என்னிடம் வந்துவிட்டாள். எந்தப் பொருளானாலும் கட்டைவிரலால் ஓரத்தைத் தடவிப் பார்க்காமல் கீழே வைக்கமாட்டாள். அந்த வருடம் தெர்மகோல் வேலை அடியோடு நின்றுபோயிற்று. லென்ஸ் செய்யும் பட்டறை ஒன்றுதான், லென்ஸ்களைப் பதித்து அனுப்ப மெத்தென்ற ஃபோமில் குழி வெட்டிக் கேட்டு, பத்து நாள் கெடு கொடுத்தது. அதையும் விட்டால் ஷெட்டை மூடிவிட்டு எங்கே போவது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

கத்தியை வைத்தால் ஃபோம் அமுங்கியது. மேலே அளவு சரியாக இருக்கும், கீழே சரிந்திருக்கும். அச்சு வைத்துப் பிரஸ்ஸில் அடித்துப் பார்த்தோம், ஓரம் குழிந்துபோனது. இப்படியே நான்கு நாட்கள் ஓடிவிட்டன. பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வித்தையான சூட்டுக் கம்பியை மாட்டினேன். மின்சாரத்தில் பழுத்த கம்பி கோடு போட்டதுபோல் வெட்டியது. ஆனால் புகை கண்ணைக் கரித்தது, தொண்டையைப் பிடித்தது. தீய்ந்த விளிம்பைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பிளேடால் சீவி எடுப்பது அக்காவின் வேலை.

“ஏங் கண்ணு, பனியன் கம்பெனில துணிய அடுக்கி வெச்சு வெட்டுவாங்கல்ல, அந்த மெசினக் கேட்டுப் பாப்பமா? பிளேடு மேலயுங் கீழயும் ஓடும், அமுக்காது. பொகையும் இருக்காது. கட்டிங் மாஸ்டர் எனக்குத் தெரிஞ்சவருதான், ரெண்டு நாள்ல வாங்கியாந்தரலாம்” என்றாள்.

“ரெண்டு நாளுக்கு எங்கீங்கக்கா போறது? துணி வெட்டறதும் இதும் ஒண்ணுங்களா?” என்று எரிந்து விழுந்தேன். அவள் பிளேடை எடுத்து அடுத்த விளிம்பைச் சீவ ஆரம்பித்தாள்.

அது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று ஷெட்டுக்குள் புகுந்து கம்பியைக் குளிரவைத்தது, வெட்டு நெளிந்தது. ஷட்டரை இறக்கினேன். ஜன்னல் இடுக்குகளில் சாக்கைத் திணித்தேன். கம்பி நேராக ஓடியபோது எனக்குச் சந்தோஷம்கூட வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆறு நாட்கள், குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சேலைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு அக்கா அதற்குள் உட்கார்ந்திருந்தாள். “கொஞ்ச நேரந் தொறந்து வெய்யி கண்ணு, நெஞ்சடைக்குது” என்பாள். “இந்த ஒரு அடுக்கு முடியட்டுங்கக்கா” என்பேன். எத்தனை முறை அப்படிச் சொன்னேன் என்று நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

கெடுவுக்குள் சரக்குப் போய்ச் சேர்ந்தது. ஷெட்டும் பிழைத்தது. மறுநாள் ஆஸ்பத்திரிப் படியில் நான்காவது படிக்குமேல் அக்காவால் ஏற முடியவில்லை. அன்று போன மூச்சு பிறகு முழுதாகத் திரும்பவே இல்லை.

இப்போது அவளால் மல்லாந்து படுக்க முடியாது. போன வாரம், சாய்ந்தபடி தூங்குவதற்கு ஃபோமில் ஒரு சரிவுத் திண்டு வெட்டிக்கொண்டுபோய் வைத்தேன், அவள் அன்று கேட்ட அதே மாதிரி மெஷினில். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினாள். எனக்கு இழுப்பறைத் துண்டுதான் ஞாபகம் வந்தது. திட்டட்டும் என்று காத்து நின்றேன்.

“ஓரஞ் சுத்தமா உளுந்திருக்குது கண்ணு” என்றாள். சாய்ந்து, மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். பிறகு, “அந்த ஜன்னலத் தொறந்து வெய்யி. காத்து வரட்டும்” என்றாள்.

ஜன்னல் திறந்துதான் இருந்தது.