இடப்பக்கச் சீட்டிலிருந்து தெரிந்தது

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் ஒரு வாகனம் நாலு வளவு தள்ளி வரும்போதே, அதற்குக் கிளச் போயிற்றா, கியர்பெட்டி போயிற்றா என்று சொல்லிவிடுவேன். கல்முனையில் யாரிடமும் கேட்டுப் பாருங்கள். லொறியில் கிளீனராக ஏறி, சொந்தமாக ஒரு டீசல் வேன் வாங்கி, அதை ஓடியே மூன்று பெண்மக்களுக்கும் வீடு கட்டிக் கொடுத்தவன் நான். இப்போது மூத்த மகளின் வீட்டில் இருக்கிறேன். வேனும் அங்கேதான் நிற்கிறது.

இளைய மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று என் மனைவி கட்டாருக்குப் போனாள். மூன்று மாதம் என்று போனவள், ஒன்பது மாதமாகியும் வரவில்லை. வேனின் இடப்பக்கச் சீட்டில் அவள் வைத்திருந்த சின்னத் தலையணை அப்படியே கிடந்தது. அதில் நான் யாரையும் இருக்க விடவில்லை. பேரப்பிள்ளைகளைக்கூடப் பின்னுக்குத்தான் ஏற்றுவேன். இறக்காமத்து வயலுக்குத் தனியாகப் போகும் நாட்களில், குளக்கட்டில் வேனை நிறுத்துவேன். அவள் இருந்தால் பிளாஸ்கைத் திறந்து எனக்கு முதலில் ஊற்றித் தருவாள். தனியே அந்தப் பிளெயின் டீ இறங்கவில்லை. பிறகு பிளாஸ்க் கொண்டு போவதையே விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு நாளும் அஸர் தொழுகைக்குப் பிறகு போன் எடுப்பாள்.

"கால் எப்படி?"

"கால் நல்லம். வேன்ட கிளச்தான் சரியில்ல."

"சும்மா வேனைக் குறை சொல்லாதீங்க" என்பாள். அதோடு பிள்ளை அழும் சத்தம் கேட்கும், வைத்துவிடுவாள்.

கடைசியாக ஒருநாள், வருகிற வெள்ளிக்கிழமை காலை எயார்போர்ட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவேன் என்றாள். அவளை நான்தான் ஏற்றப் போவேன், என் வேனில்தான் ஏற்றுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். ஆனால் வேன் கேட்கவில்லை. ஒன்றாம் கியர் போட்டால் கர்ர் என்றது. ரிவர்ஸ் அதைவிட மோசம், அந்தச் சத்தத்துக்கு அயல் வேலி முழுதும் எட்டிப் பார்த்தது.

எனக்குத் தெரிந்த சோதனை எல்லாம் செய்தேன். இஞ்சினை நிறுத்திப் போட்டுப் பார்த்தால் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. ஆகவே கியர்பெட்டியில் குற்றமில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் கிளச்சை விட்டேன். இஞ்சின் அந்த இடத்திலேயே நின்றது. ஆகவே கிளச் பிளேட் வழுக்கவில்லை. மிதிக்கும்போது இரைச்சலும் இல்லை, பேரிங் நல்லம். கிளச் ஒயிலும் கோடு வரைக்கும் நின்றது. பிறகு என்னதான்? கிளச் முழுதாக விடவில்லை என்பது மட்டும் தெரிந்தது. ஏன் என்பது தெரியவில்லை.

மூத்த மருமகன் பக்கத்தில் வந்து நின்றார். "மாமா, நான் ஒருக்காப் பாக்கட்டா?"

"ஒங்கட கார்ல ரெண்டு மிதிதானே மகன். இதுல மூண்டு. ஒங்களுக்குக் கால் காணாது."

அவர் சிரித்தார்.

வியாழன் காலையில் கராஜுக்குக் கொண்டு போனேன். மருமகனும் கூட வந்தார், பின்சீட்டில். கராஜ் பாஸ் கல்முனைக் கத்தோலிக்கர். இருபது வருடமாக என்னை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிட்டபடி என் வேனுக்கு அடியில் படுத்து எழும்புகிற ஆள். அன்றும் படுத்தார்.

"காக்கா, மிதிங்க."

"மிதிச்சிட்டன்."

"இன்னும் மிதிங்க."

"இன்னும் எங்க மிதிக்கிற? ரோட்டையா?"

பாஸ் அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார். "மருமகன் ஒருக்கா ஏறட்டும்" என்றார்.

மருமகன் ஏறி ஒரே மிதி மிதித்தார். "ஆ, வந்திட்டு, முழுசா வந்திட்டு!" என்று கீழே இருந்து குரல் வந்தது. மருமகன் ஒன்றாம் கியரைப் போட்டார், ரிவர்ஸைப் போட்டார். ஒரு சின்னச் சத்தம் இல்லை.

"எங்க பழகின?" என்றேன்.

"வரிப்பத்தான்சேனையில, வாப்பாட ட்ரெக்டர்ல, மாமா."

ஏழு வருடமாக ஒரே வீட்டில் சோறு தின்கிறோம். நான் அதைக் கேட்டதே இல்லை.

பாஸ் வெளியே வந்து கையைத் துடைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "வேன்ல ஒரு பிழையும் இல்ல காக்கா. நீங்க மிதிச்சா கிளச் பாதிதான் விடுது. அவர் மிதிச்சா முழுசா விடுது. மறுகா நான் என்னத்தச் சொல்ற?"

சீட்டை முன்னுக்குத் தள்ளி நானே ஏறி மிதித்தேன். கர்ர். இன்னொரு தரம். கர்ர். என் இடது முழங்கால் பாதியில் நின்றுவிட்டது. இத்தனை மாதமும் அதைத்தான் நான் மிதியின் அடிமட்டம் என்று நினைத்திருக்கிறேன். பள்ளிவாசலில் இருந்து தொழக் கதிரை போட்டுத் தந்தபோதும், எனக்கா கதிரை என்று தூணைப் பிடித்து எழும்பியவன் நான்.

திரும்பும்போது மருமகன் வேனை ஓடினார். நான் முதன்முதலாக அந்தத் தலையணையில் இருந்தேன். அங்கிருந்து ரோட்டைவிட ஓடுகிறவரின் இடது கால்தான் நன்றாகத் தெரிகிறது. ஒவ்வொரு கியருக்கும் அது எழும்பி இறங்குவது தெரிகிறது. முப்பத்தெட்டு வருடம் அவள் இதைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். "கால் எப்படி" என்று ஏன் கேட்டாள் என்பது அப்போதுதான் விளங்கியது. பெரிய மெக்கானிக் நான்! எனக்கு முந்தி அவள் பிழையைக் கண்டுபிடித்திருக்கிறாள். 

வெள்ளிக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டுப் போனோம். மருமகன் ஸ்டியரிங்கில். நான் பின்சீட்டில், முன்சீட்டை அவளுக்கு விட்டிருந்தேன். பஸ்ஸில் இருந்து இறங்கியவள் முதலில் ஸ்டியரிங்கைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மெலிந்திருந்தாள்.

"முன்னுக்கு ஏறுங்க மாமி" என்றார் மருமகன்.

"நான் முன்னுக்கு இருந்தது ரோட்டைப் பாக்கவா மகன்?"

தலையணையை எடுத்துக்கொண்டு பின்னுக்கு வந்து என் பக்கத்தில் இருந்தாள். வேன் புறப்பட்டது. இரண்டாம் கியருக்கு என் இடது கால் தானாகத் தரையை மிதித்தது. மூன்றாம் கியருக்கும் மிதித்தது. அவள் கண்டாள். தலையணையை என் முழங்காலுக்குக் கீழே வைத்தாள்.