இரவல் பெட்ரோமாக்ஸ்

உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் ஊருக்குக் கரண்டு வராத காலம். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, ஊரில் யார் வேண்டுமானாலும் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசலாம் என்று ஒரு கூட்டம் போட்டோம். புத்தி கெட்டுப்போய் பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பெரிய நிலக்காரரிடமே இரவல் வாங்கினோம். விளக்கோடு அவரும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அவர் கழனியில் நாற்று நடுகிற பெண் பேச எழுந்தாள். "கூலி நெல்லுல பதரைக் கலந்து அளக்கறாங்க. இன்னா நாயம் இது?"

நிலக்காரர் எழுந்து, மங்கிக்கொண்டிருந்த விளக்கிடம் போனார். அணைக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவரோ நிதானமாகக் காற்றடித்தார். வெளிச்சம் பளீரென்று ஏறியதும், விளக்கைத் தூக்கிக் கூட்டத்துக்கு நேராகப் பிடித்தார்.

"பொண்ணு நல்லாத்தான் பேசிக்கீது. கை தட்டறவங்கல்லாம் தட்டுங்கப்பா. மூஞ்சி தெரியட்டும்."