புதன்கிழமைக் கடுகு

எங்கள் வீட்டு முறை புதன்கிழமை. பகல் பன்னிரண்டரைக்குக் கஞ்சித் தூக்கோடு அம்மாவும் நானும் புறப்படுவோம். கோயிலுக்குப் பின்சந்தில் டீச்சரம்மா வீடு. அவருக்கு ஊட்டி, ஜெபமாலையில் பத்து மணிகள் உருட்டி, ஒன்றரைக்குத் திரும்பிவிடுவோம். அந்தத் தவக்காலத்தில், சாம்பல் புதனையும் சேர்த்து, ஏழு புதன்கிழமைகள். ஏழிலும் நான் போனேன். எனக்கு ஒன்பது வயது.

நைனாவுக்குப் பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை மாற்றலாகி, குடியாத்தம் பக்கத்திலிருந்து நாங்கள் ஆந்திராவில் பலமனேருக்கு வந்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. அக்கா ஆறாம் வகுப்பில் தெலுங்கு படிக்கத் தொடங்கியிருந்தாள். அம்மாவுக்கும் எனக்கும் ஒரு சொல்கூடத் தெரியாது. கோயில் பங்கில் தமிழ்க் குடும்பங்கள் பல இருந்ததால் குறை தெரியவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் ஒரு பேச்சைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார்கள். நாங்கள் பாதியைப் புரிந்துகொண்டு மீதிக்குச் சிரித்து வைப்போம்.

டீச்சரம்மா சந்திரகிரியில் ஒரு தெலுங்கு வீட்டில் பிறந்து, தமிழ் வீட்டுக்கு மருமகளாக வந்தவர். முப்பது வருடம் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழில் ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவர். கணவர் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததும் பங்கின் பெண்கள் கூடிப் பேசி, ஏழு வீட்டுக்கு ஏழு நாள் என்று பிரித்துக்கொண்டார்கள். திங்கள் வீட்டார் தரை பெருக்க வேண்டும், வெள்ளி வீட்டார் குடிதண்ணீர் நிரப்ப வேண்டும், சனி வீட்டார் தலை வார வேண்டும். உடுப்பு மாற்றக் காலையும் மாலையும் ஆஸ்பத்திரி வேலை தெரிந்த ஓர் அம்மாள் வருவார். இடுப்பிலிருந்து முழங்கால் வரை அவர் பொறுப்பு. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தார்கள். ஒரு வீடும் ஒரு நாளும் தவறியதில்லை. புதிதாக வந்த எங்களையும் அந்தத் தாளில் சேர்த்ததில் அம்மாவுக்குப் பெருமை.

அந்த அறையில் ஒரே ஜன்னல். அதிலும் வெயிலுக்காகச் சாக்கு தொங்கும். யார் வந்தாலும் முதலில் சாம்பிராணி போடுவார்கள். ஒருவர் போட்டது அடங்குமுன் அடுத்தவர் போடுவார். புகைக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. பழம் அழுகினாற்போல, ஆனால் அங்கே பழம் எதுவும் இல்லை. டீச்சரம்மாவின் கழுத்திலிருந்து பாதம் வரை சாம்பல் நிறக் கம்பளி. வலக்கண் மூடாது. அம்மா ஜெபம் சொல்லும்போதும், தூக்கைக் கழுவக் குழாயடிக்குப் போகும்போதும், அந்தக் கண் என்மேல் இருக்கும்.

முதல் புதன் அம்மா குழாயடிக்குப் போனதும் டீச்சரம்மா பேசினார். பேச்சே போய்விட்டதென்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அதனால் சுவர்தான் பேசியதோ என்று திரும்பிப் பார்த்தேன்.

"கடுகு."

மூச்சை இழுத்து, இன்னொரு தரம், "கடுகு." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. கம்பளியின் நுனியும் அதற்கப்பால் இருட்டும்தான்.

மறுநாள் பள்ளியில் பக்கத்து பெஞ்சுப் பெண்ணிடம் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "அங்க ஏதோ நின்னுக்கினு இருக்குது. கடுகு போட்டா தாண்டி வராது. அதான் கேக்குறாங்க," என்றாள். திருஷ்டி சுற்றிப் போடும்போது உப்போடு கடுகையும் அடுப்பில் போடுவதை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். எனக்கு எல்லாம் பொருந்திவிட்டது.

இரண்டாம் புதன் அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு கரண்டிக் கடுகைக் காகிதத்தில் மடித்துப் பாவாடை முடிச்சில் கொண்டுபோனேன். அம்மா வெளியே போனதும் கால்மாட்டில் கோடு போலத் தூவினேன். டீச்சரம்மா பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் "கடுகு" என்றார். போதவில்லை போலிருக்கிறது என்று மூன்றாம் புதன் இரண்டு கரண்டி எடுத்தேன். நான் தூவாவிட்டால் அது கம்பளியைத் தாண்டி வந்து அவரைக் கொண்டுபோய்விடும், அடுத்த புதன் கட்டில் காலியாக இருக்கும், அதற்கு நானே காரணம் என்று முழுமையாக நம்பினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கடுகு நின்றுவிடும்.

நான்காம் புதன் எறும்புகளைக் கண்டேன். சுவரோரமாக ஒரே வரிசை. கட்டில் காலில் ஏறிக் கம்பளிக்குள் போனது. சில எறும்புகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. என் கடுகுக் கோட்டை அவை சட்டைசெய்யவே இல்லை. அம்மாவிடம் காட்டினேன். "கஞ்சி சிந்தியிருக்கும்," என்று சொல்லி, தரையை மட்டும் துடைத்தாள். ஐந்தாம் புதன் கம்பளியின் நுனி தானாக அசைந்தது. நான் அதன்மேலேயே கடுகைக் கொட்டிவிட்டு வெளியே ஓடி வந்தேன்.

ஏழாம் புதன், இனி தரையில் தூவிப் பயனில்லை என்று, அவருடைய இடக்கையை விரித்து உள்ளங்கையில் கடுகை வைத்தேன். டீச்சரம்மா கையைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு அவ்வளவையும் என் முகத்தில் எறிந்தார். அவர் அழுதார், ஆனால் முகத்தின் ஒரு பாதி மட்டுமே அழுதது.

மறுநாள் பெரிய வியாழன். மாலைப் பூசை தெலுங்கில். பீடத்தின் முன் பன்னிரண்டு ஆண்கள் செருப்பைக் கழற்றி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உபதேசியார் மைக்கில் அறிவித்தார்: "இப்புடு சாமிகாரு பன்னெண்டு மந்தி காள்ளு கடுகுதாரு."

அதில் கடுகு என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. சாமியார் கையில் கடுகு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். செம்பும் துண்டும்தான் இருந்தன.

"சாமியார் எதுக்குடி கடுகு போடறாரு?" என்று அக்காவைக் கேட்டேன்.

"தாளிக்கவா போறாரு? தெலுங்குல கடுகுறதுன்னா கழுவறதுடி. கால் கழுவறாரு. வாய மூடிக்கினு பாரு."

சாமியார் முதல் ஆளின் காலில் தண்ணீர் ஊற்றினார். நான் அம்மாவின் காதில் ஏழு புதன்களையும் சொன்னேன். கடுகுக்காகக் கன்னத்தில் ஒன்று விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து, பெண்கள் வரிசையோரம் குனிந்து போனாள். திங்கள் வீட்டுப் பெண்ணிடம் முதலில் சொன்னாள், பிறகு செவ்வாய் வீட்டு அத்தையிடம். "கடுகுன்னா கழுவறதாமே? டீச்சரம்மா அதத்தான் கேட்டுக்கினு இருந்தாங்களாமே?" யாரும் "அப்படியா?" என்று கேட்கவில்லை. ஒவ்வொருத்தியாக முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்கள். சாமியார் ஏழாவது ஆளிடம் வந்தபோது ஏழு பேரும் வெளியே போயிருந்தார்கள். நான் பின்னாலேயே ஓடினேன்.

என்னைச் சந்திலேயே நிறுத்திவிட்டார்கள். சாக்கை விலக்கிய ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. "ஐயோ தேவுடா," என்று ஒரு குரல். வெந்நீர் ஊற்றும் சத்தம். கோயிலிலிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது. டீச்சரம்மாவின் குரல் ஒரு தரமும் கேட்கவில்லை. ஈஸ்டருக்கு மறுநாள் அவரைச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்; வலக்காலைக் கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டியிருந்தது. அதன்பிறகு அவர் இரண்டு வருடம் இருந்தார். மிச்சமிருந்த காலை, புதன்கிழமைகளில், அம்மா கழுவினாள்.

அந்த மாலையில் முதலில் வெளியே வந்தவர் செவ்வாய் வீட்டு அத்தை. கம்பளியைச் சந்தில் உதறினார். மடிப்புகளிலிருந்து கடுகு பொலபொலவென்று உதிர்ந்தது.

"இன்னா இது? யாரு போட்டது?"

"நான்தான் அத்தே. கேட்டாங்க, அதான் குடுத்தேன்."

பின்னால் வந்து நின்ற மற்றவர்களை அவர் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கினீங்களாம்மா? இத்தினி பேரு வந்து போய்க்கினு இருந்தோம். பாப்பா ஒருத்திதான் கேட்டதக் குடுத்துக்கினு இருந்துக்கீது."

என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். யாரும் சிரிக்காதது அதை இன்னும் கொடிய கேலியாக்கியது. சந்துச் சுவரில் முகத்தை வைத்து அழுதேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்த அத்தை பூசை முடிந்து தந்த எதையும் நான் வாங்கியதில்லை. எனக்கும் அம்மாவுக்கும்தான் தெலுங்கு தெரியாது. மற்ற ஆறு பேருக்கும் அது பிறந்ததிலிருந்து வாயில் இருந்த பாஷை என்பதை அன்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.