பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு

கண்ணுங்களா, இதை உங்கள் இருவருக்குமாகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் பெரியவளே, முதலில் நீ படி. பொருளாதாரம் படிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று ஓடிவந்து சொன்னாய். நான் "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று அம்மாவிடம் அழுதாயாம். பிடிக்காமல் இல்லை. அந்தப் படிப்போடு எனக்கு ஒரு பழைய சங்கதி இருக்கிறது. வாயால் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டியது உங்களுக்குத் தெரியும். இருபது பேர் வேலை செய்த சின்னக் கம்பெனி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆர்டர் குறைந்துகொண்டே வந்து, ஒரு திங்கட்கிழமை போய் நின்றால் கேட் திறக்கவில்லை. அந்த வரிசையில் அப்படித் திறக்காத கேட்டுகள் இன்னும் சில இருந்தன. என் பக்கத்து லேத்தில் பதினோரு வருடம் நின்றவன் என் நண்பன். அண்ணனூரில், ரயில் பெட்டிகள் நிறுத்தும் கார் ஷெட்டுக்குப் பின்னால் குடியிருந்தான். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். மதியம் என் டப்பாவில் கருவாடு இருந்தால் என்னைக் கேட்காமலே எடுத்துக்கொள்வான்.

வேலை போன நாலாவது மாதம் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. நகரத்திலிருந்து பொருளாதார ஆராய்ச்சி மாணவி ஒருவர் வந்திருந்தார். கம்பெனி மூடியதால் வேலை இழந்தவர்கள் என்ன ஆகிறார்கள், எவ்வளவு நாளில் எழுந்துகொள்கிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்ப ஆட்கள் வேண்டும். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், கையெழுத்து நன்றாக இருக்கும், தெருக்களும் தெரியும். எடுத்துக்கொண்டார். என்னைப்போல் வேலை போன வேறு சில பட்டறை ஆட்களையும் சேர்த்துக்கொண்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் "மேடம்" என்பேன், அவர் "சார்" என்பார்.

முதல் நாளே ஒன்று சொன்னார். வேலை இழந்த குடும்பங்களுக்கு அப்போது ஒரு சிறிய உதவித்தொகை தற்காலிகமாக வந்துகொண்டிருந்தது. அதை நீட்டிப்பதா நிறுத்துவதா என்று முடிவு செய்கிறவர்கள் இந்த ஆராய்ச்சியின் முடிவையும் கேட்டிருக்கிறார்கள் என்றார். ஆகவே கவனமாக எழுதுங்கள் என்றார். நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினோம்.

என் பட்டியலில் என் நண்பன் பெயரும் இருந்தது. அண்ணனூருக்குப் போனபோது கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவன் எழுந்து, தோளில் துண்டைப் போட்டு, பெரிய மனிதருக்குக் கட்டுவதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"வாங்க ஆபீசர். மச்சான், கையக் காட்டு. கிரீஸெல்லாம் போயி சோப்பு வாசனை வருது பாரு."

வேலை எத்தனை நாள் பார்த்தாய், எங்கே தேடினாய் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு கேள்வி இப்படி இருந்தது: குறைந்தது எவ்வளவு கூலி என்றால் வேலைக்குப் போவீர்கள்? மேடம் அதை முக்கியமான கேள்வி என்று சொல்லியிருந்தார். ஆள் மனதில் ஒரு தொகை வைத்திருப்பான், அதற்குக் கீழே போகமாட்டான், அதனால்தான் வேலையில்லாமல் இருக்கிறான் என்று ஒரு கொள்கை இருக்கிறதாம்.

அவன் யோசித்தான். "கூப்புடறவன் மூஞ்சப் பாத்துத்தானே மச்சான் சொல்லணும். எவனும் கூப்புடலியே, யாருகிட்ட இன்னா சொல்றது?"

அந்தப் பதிலை எழுதக் கட்டமில்லை. பழைய சம்பளத்தை எழுதிக்கொண்டேன். அவன் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

ஒரு வருடம் கழித்து இரண்டாவது சுற்று. இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். முதல் சுற்றில் வீடு பூட்டியிருந்தால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போகலாம் என்று மேடம் அனுமதித்திருந்தார். இரண்டாவது சுற்றில் அப்படிச் செய்யக்கூடாது, அதே ஆட்களைத்தான் பார்க்க வேண்டும், மூன்று முறை போயும் பூட்டியிருந்தால் 'பூட்டு' என்று எழுதி மீதியைக் காலியாக விடுங்கள் என்றார். தலையாட்டினோம். ஆனால் நாங்கள் எல்லோரும் பட்டறை ஆட்கள். பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. பீஸ்களைக் குழி குழியாக அடுக்கும் ட்ரே நிறையாமல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்பமாட்டோம். ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் பக்கத்து ட்ரேயிலிருந்து நல்ல பீஸை எடுத்து அந்தக் குழியில் வைத்துவிடுவோம். அதை யாரும் தப்பு என்று நினைத்ததில்லை. காலிக் குழியோடு ட்ரே போனால்தான் சூப்பர்வைசர் கேட்பார்: என்னய்யா, தூங்கினியா?

அண்ணனூருக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் பூட்டு. மூன்றாவது முறை பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் காக்கிச் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவரும் லேத் ஓட்டிய டர்னர்தான், வேறொரு மூடிய கம்பெனி. இப்போது பாடிப் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். "இன்னா அண்ணாத்தே, வெயில்ல நின்னுகினு கீற, உக்காரு" என்று மோர் கொடுத்தார். நான் மோரைக் குடித்தேன். படிவத்தை எடுத்தேன். பெயர், வயது, பிள்ளைகள் எல்லாவற்றையும் என் நண்பனுடைய பழைய படிவத்தைப் பார்த்து எழுதினேன். வேலை, நாட்கள், சம்பளம் இவற்றை மட்டும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதினேன். ஒரே தெரு, ஒரே தொழில், கிட்டத்தட்ட ஒரே வயது. ஒரே டிராயிங்கில் செய்த இரண்டு பீஸ், அவ்வளவுதானே என்று நினைத்தேன். பட்டியலில் மொத்தம் ஒன்பது வீடுகளுக்கு அப்படிச் செய்தேன். மற்றவர்களும் செய்தார்கள். டீக்கடையில் உட்கார்ந்து வெளிப்படையாகவே பேசிக்கொண்டோம்.

வீடு ஏன் பூட்டியிருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் நான் கேட்கவில்லை. படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.

ஆறு மாதம் கழித்து முடிவைச் சொல்ல எங்களையெல்லாம் அழைத்து டீயும் வடையும் கொடுத்தார் மேடம். கரும்பலகையில் ஒரு கோடு போட்டார். கீழே விழுந்து, பிறகு நன்றாக மேலே ஏறும் கோடு. வேலை இழந்தவர்கள் நாம் பயந்ததைவிட வேகமாக எழுந்துகொள்கிறார்கள் என்றார். அறிக்கை போய்விட்டது என்றார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. நம்ம ஆட்கள், சும்மாவா. எனக்கு வடை தின்னும்போதே ஒரு வேடிக்கை தோன்றியது. உனக்கு வேலை கிடைத்துவிட்டது மச்சான், காகிதத்தில் கிடைத்துவிட்டது என்று அவனிடம் சொல்ல வேண்டும். அவன் அதை வைத்து ஒரு வாரம் என்னை ஓட்டுவான். அந்த ஞாயிற்றுக்கிழமையே கருவாட்டுப் பொட்டலத்தோடு ரயில் ஏறினேன்.

கதவு திறந்திருந்தது. அவன் மனைவி வெளியே வந்தாள். நெற்றியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

மஞ்சள் காமாலையில் தொடங்கி ஈரலைத் தின்றுவிட்டதாம். முதலில் கைவைத்தியம், பிறகு பெரியாஸ்பத்திரி. இரண்டு மாதம் அவள் அங்கேயே தரையில் படுத்துக் கிடந்தாள், பிள்ளைகள் அவள் அண்ணன் வீட்டில். நான் மூன்று முறை வந்தது அந்த இரண்டு மாதத்தில்தான்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"நீ வந்துட்டுப் போனன்னு பக்கத்து ஊட்டுல சொன்னாங்கண்ணா. மூணு வாட்டி வந்தியாமே. எங்க போயிக்கீறோம்னு ஒரு வார்த்த கேக்கலியாண்ணா? அது உன்னத்தான் கேட்டுகினே இருந்துச்சு."

பிறகு உதவித்தொகை நின்றுவிட்டதே, திரும்ப வருமா, உனக்குத் தெரியுமா என்று விசாரித்தாள். ஏதோ தெரிந்தவன்போல் விசாரிக்கிறேன் என்றேன். பொட்டலத்தை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

மறுநாளிலிருந்து மற்ற எட்டு வீடுகளுக்கும் போனேன். இந்த முறை படிவம் இல்லாமல். அதில் ஒரு குடும்பம் மட்டும் அப்போது திருப்பதிக்கு மொட்டை போடப் போயிருந்ததாம். மீதி ஏழும் வேறு கதை. அயனம்பாக்கத்தில் ஏரிக்கரையில் இருந்தவர் வீட்டை விட்டுக் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போயிருந்தார். ஆவடியில் ஒருவர் எங்கே போனார் என்று பெற்ற தாய்க்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் எழுதமாட்டேன். எழுந்துகொண்டவன் பகலில் வீட்டில் அகப்படாவிட்டாலும் இரண்டாவது, மூன்றாவது நடையில் எப்படியும் அகப்பட்டுவிடுவான். விழுந்தவன்தான் அகப்படவே மாட்டான். இத்தனை தெரு நடந்தும் இது எனக்கு உறைக்கவில்லை.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். முகம் வெளுத்துப்போய், பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"காலியா விட்டிருந்தீங்கன்னா வழி இருக்கு சார். எந்த மாதிரி ஆளுங்க காணாம போறாங்கன்னு பாத்து, அதுக்குத் தகுந்த மாதிரி கணக்கைத் திருத்தலாம். இப்போ வெளிநாட்டுல இதைப் பத்தித்தான் நிறைய ஆராய்ச்சி நடக்குது. நிரப்பி வெச்சுட்டா, காணாம போனாங்கன்னே தெரியாதே சார். எதைத் திருத்தறது?"

எத்தனை வீடு என்று கேட்டார். என் ஒன்பதைச் சொன்னேன். மற்றவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார். பயந்துபோய் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குமேல் அவரால் என்ன செய்ய முடியும்? என் ஒன்பதை மட்டும் நீக்கிவிட்டுக் கணக்கைத் திரும்பப் போட்டால் கோடு கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். அறிக்கையை நம்ப வேண்டாம் என்று கடிதம் எழுதினார். பதில் வந்ததாகத் தெரியவில்லை. உதவித்தொகை திரும்ப வரவில்லை. அவர் அந்த ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு வேறு தலைப்பு எடுத்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மூன்று வருட உழைப்பு. என் நண்பனின் மனைவி பூந்தமல்லிப் பக்கம் எங்கோ போய்விட்டாள். நான் தேடவில்லை. தேடிப் போய் என்ன சொல்வேன்?

பெரியவளே, போன வாரம் உன் புத்தகத்தில் புள்ளி புள்ளியாக வைத்து நடுவில் கோடு போட்ட படத்தைக் காட்டி, "அழகா இருக்கு பாருப்பா" என்றாய். எனக்கு அது அழகாகத் தெரியவில்லை. அதில் ஏதோ ஒரு புள்ளிக்குள் அவன் வயதும் அவன் பிள்ளைகளும் இருக்கின்றன, சம்பளம் மட்டும் பக்கத்து வீட்டு வாட்ச்மேனுடையது. அந்தப் புள்ளி கோட்டை மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது. உனக்கு நல்ல வார்த்தை எதையாவது சொல்லி முடிக்க வேண்டும் என்று பார்க்கிறேன். ஒன்றும் இல்லை.

மேடத்திடம் சொல்லிவிட்டு வந்த மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள், அம்மா தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு போயிருந்தாள். மீந்துபோன படிவம் ஒன்று பெட்டியில் கிடந்தது. அதை எடுத்து மேலே, பட்டியலில் அவனுக்கு இருந்த எண்ணை எழுதினேன். அண்ணனூருக்குப் போன மூன்று தேதிகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'பூட்டு' என்று எழுதினேன். மீதிக் கட்டங்களைக் காலியாக விட்டேன். கடைசியில், விசாரித்தவர் கையொப்பம் என்று இருந்த இடத்தில் என் பெயரைப் போட்டு, மை காயும்வரை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.