சந்துக்கு வெளியே ஓர் இடம்

"அந்த வண்டியோட இனிமே இந்தச் சந்துக்குள்ள நுழையாதே. அதுல வர்றதுக்கு நீ வராமலே இருந்துக்கோ!"

என் வீட்டுக்காரர் தொகுஜி எங்கள் ஒரே மகனைப் பார்த்து இப்படிக் கத்தினார். புத்தாண்டு முதல் நாள் காலை. கையில் மோச்சி அரிசி உருண்டை மிதக்கிற சூப் கிண்ணம். கத்தின கத்தலில் பாதி சூப் பாயில் கொட்டியது. துடைத்தது நான்தான், வேறு யார்?

வாசலில் மகன் யாசுஹிரோவின் புதுக் கார் நீலத் தார்ப்பாய்க்குள் கட்டுண்டு கிடந்தது. முதல் நாள் மாலை ஒகாயாமாவிலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளோடு அதில்தான் வந்தான். விடிவதற்குள் இந்த மனிதர் எழுந்து போய், தார்ப்பாயை இழுத்து மூடி, நாலு மூலையிலும் கயிறு கட்டிவிட்டு வந்திருக்கிறார்.

"பனி விழுது. அதான் மூடினேன்" என்றார்.

"பனிக்கா? முன்னாடி இருக்கிற சின்னத்து மேல தனியா ஒரு துண்டு சுத்தி வெச்சிருக்கீங்களேப்பா. செத்தவங்க முகத்தை மூடற மாதிரி."

யாசுஹிரோ சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. அது வேறு கம்பெனி வண்டி.

எங்கள் சந்தில் பன்னிரண்டு வீடு. பதினொன்றில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கார் கம்பெனி ஆட்கள். பன்னிரண்டாவது முடிதிருத்துகிறவன், அவனும் கம்பெனி வண்டிதான் வைத்திருந்தான். இல்லையென்றால் எவன் அவனிடம் தலையைக் கொடுப்பான்? அந்தக் கம்பெனியை வெளியூர்க்காரர்கள் மாஸ்டா என்பார்கள். எங்கள் வயசுக்காரர்களுக்கு அது இன்னும் தோயோதான். ஆதியில் பாட்டிலை அடைக்கிற கார்க் தக்கை செய்தார்கள், பிறகு மூன்று சக்கர வண்டி, அப்புறம்தான் கார் எல்லாம்.

அந்த மூன்று சக்கர வண்டியில்தான் தொகுஜிக்குக் கிறுக்குப் பிடித்தது. அணுகுண்டு விழுந்த வருஷம் அவருக்குப் பதினொரு வயசு. வீடு ஹிஜியாமா குன்றுக்கு இந்தப் பக்கம், அதனால் பிழைத்தார். அன்று காலை ஊருக்குள் வேலைக்குப் போன அவருடைய அப்பா திரும்பவில்லை. எலும்பு கூடக் கிடைக்கவில்லை. தொழிற்சாலையும் குன்றுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது. அந்த டிசம்பரிலேயே வாசல் திறந்து மூன்று சக்கர வண்டிகள் மறுபடியும் வெளியே வந்தன. ஊரே சாம்பல். அதற்கு நடுவில் புதுப் பெயிண்ட் வாசனையோடு ஒரு வண்டி டபடபவென்று போகிறது. இவர் பின்னாலேயே ஓடியிருக்கிறார், செருப்பில்லாத காலோடு. "அன்னிக்குத்தான் பசிச்சுது எனக்கு. அதுவரைக்கும் பசியே தெரியலை" என்பார். பதினாறு வயதில் அதே வாசல் வழியாக வேலைக்குப் போனார். நாற்பத்து நாலு வருஷம் போனார்.

நான் சிப்பி உடைக்கிறவள். ஆறு வகுப்போடு சரி. கம்பெனி பின்னாளில் செய்த சுழல் எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மற்ற எஞ்சின்களுக்குள் இரும்பு மேலும் கீழும் குத்தும், இதற்குள் ஒரு முக்கோணம் சுற்றும். சுற்றும்போது உள்சுவரில் கீறல் விழுந்துகொண்டே இருந்ததாம். அதற்குப் பேயின் நகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். படித்த பெரிய மூளைகள் வருஷக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினார்கள். இவர் அவர்களுக்குச் சோதனைத் துண்டுகளைத் தேய்த்துக் கொடுத்த பலரில் ஒருவர், அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கு வந்தும் என் முதுகில் விரலை ஓட்டி, "இந்த அளவுக்கு வழவழன்னு வரணும்டி" என்பார். வேறு பெண்டாட்டியாக இருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பாள். நான் விட்டுவிட்டேன்.

கடைசியில் அந்த எஞ்சின் ஓடியது. யாசுஹிரோ பிறந்த அதே வருஷம் அது கடைக்கும் வந்தது. சில வருஷம் கழித்து அந்த எஞ்சின் வைத்த பழைய வண்டி ஒன்றை வாங்கினோம். எஞ்சினை ஓட விட்டு, அதன் மூடி மேல் ஒரு டம்ளரில் பார்லித் தேநீரை விளிம்பு வரை ஊற்றி வைத்து, "பாரு, அலை அடிக்குதா?" என்று சந்து ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அடிக்கவில்லை. கடற்கரைச் சாலையில் மிதித்தால் பூனை அடித்தொண்டையில் உறுமுவது போல ஒரு சத்தம் வரும். எனக்கே இன்னும் கொஞ்சம் மிதிக்கச் சொல்லத் தோன்றும். பொய் சொல்வானேன்.

பிறகு பெட்ரோல் விலை ஏறியது. அந்த எஞ்சின் பெட்ரோலை மடமடவென்று குடிக்கும். வண்டிகள் விற்காமல் தேங்கின. கம்பெனி ஆட்களை வெளியே தள்ளாமல், கடைசலும் தேய்ப்புமாக இருந்தவர்களுக்குக் கோட்டு மாட்டிவிட்டு, வெளியூர்களுக்குக் கார் விற்க அனுப்பியது. இவரை சைதாமாவுக்கு அனுப்பினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கழுத்தில் டை கட்டாத மனிதர். நான்தான் கட்டிவிட்டேன். ரயிலேறும்வரை கழற்றவில்லை, திரும்பக் கட்டத் தெரியாது என்று.

பதினான்கு மாதம். வாரம் ஒரு அட்டை வரும். 'இன்று மழை. நாற்பது வீடு. கதவு திறக்கவில்லை.' அவ்வளவுதான் எழுதுவார். ஒரு வீட்டம்மா கதவைத் திறந்து, "எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்?" என்று கேட்டாளாம். இவர் குனிந்து நின்று, "நிறையக் குடிக்கும்மா. ஆனா ஒரு தடவை ஓட்டிப் பாருங்க" என்றாராம். கதவு மூடிக்கொண்டது. ஊருக்கு வந்ததும் இதைச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று. பதினான்கு மாதத்தில் விற்றது ஐந்து வண்டி.

அந்த இலையுதிர் காலத்தில் யாசுஹிரோவுக்கு எட்டு வயசு. பள்ளி விளையாட்டு நாளில் அப்பாவும் பிள்ளையும் காலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடும் பந்தயம். இவன் வாத்தியார் காலோடு கட்டிக்கொண்டு ஓடினான். கடைசியாக வந்தான். அழவில்லை. வீட்டுக்கு வந்து கணுக்காலில் கயிறு பட்ட தழும்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

இதெல்லாம்தான் அந்தப் புத்தாண்டு காலையில் வெளியே வந்தது.

"எனக்கு மூணு பிள்ளைங்கப்பா. இது பெட்ரோல் கம்மியாக் குடிக்குது. அதான் வாங்கினேன்" என்றான்.

பெட்ரோல் என்ற சொல்லை அவரிடம் போய்ச் சொல்லலாமா? அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அந்தச் சோறு தின்னுதானேடா வளர்ந்தே?"

"தின்னேன். அதுக்கு வாத்தியார் காலோட ஓடியும் காட்டிட்டேன். கணக்கு சரியாப் போச்சு."

முதலில் சொன்னேனே, அந்தச் சொல்லை அப்போதுதான் அவர் சொன்னார்.

"ஏங்க, இரும்புக்கு என்னங்க ரோஷம்? பேரப்பிள்ளைங்க பாக்குது, வாயை மூடுங்க!" என்று நானும் கத்தினேன். நேரம் கடந்துவிட்டது. யாசுஹிரோ எழுந்து போய்க் கயிறுகளை அவிழ்த்தான். தார்ப்பாயை நாலாக மடித்துப் படியில் வைத்தான். எனக்கு மட்டும் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

மூன்று வருஷம் வரவில்லை. "வண்டி வரக் கூடாத வீட்டுக்கு நான் மட்டும் எதுக்கும்மா?" என்பான். ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்கு மட்டும் போன் செய்வான். பிடிவாதத்தில் அப்பனை உரித்து வைத்தவன். பேரப்பிள்ளைகளைப் பார்க்க நான்தான் ரயிலேறிப் போய் வந்தேன். இவர் ஸ்டேஷன் வரை வந்து, "குளிருக்குப் போர்த்திக்கிறாங்களான்னு பாரு" என்பார். யார் என்று சொல்ல மாட்டார்.

மூன்றாம் வருஷம் பிப்ரவரியில் கணையத்தில் புற்றுநோய் என்றார் டாக்டர். இலையுதிர் காலம் வரை தாங்கலாம் என்றும் சொன்னார். ஏப்ரலில் ஒரு நாள் இவர் சட்டை மாற்றிக்கொண்டு, "வா, மொரிவாகி கிட்டப் போகணும்" என்றார். மொரிவாகி அரிசிக்கடைக்காரன். வியாபாரம் படுத்த பிறகு கடையை இடித்துவிட்டுக் கார் நிறுத்த மாத வாடகைக்குப் பத்து இடம் கோடு போட்டு வைத்திருந்தான். சந்து முனை தாண்டித் திரும்பினால் வரும். எங்கள் சந்தில் எந்த வீட்டு ஜன்னலிலிருந்தும் தெரியாது.

"எட்டாம் இடம் எனக்கு வேணும்" என்றார்.

"உங்களுக்குத்தான் வீட்டு வாசல்லயே இடம் இருக்கே அண்ணே?" மொரிவாகி படிவத்தை எடுத்தான். "சரி, என்ன வண்டி?"

"வெள்ளை."

"நிறம் கேக்கலைண்ணே. எந்தக் கம்பெனி? நம்ம கம்பெனிதானே, நானே எழுதிடறேன்."

"எழுதாதே. பேனாவைக் கொடு."

பேனா ரொம்ப நேரம் தாளுக்கு மேலேயே நின்றது. யாசுஹிரோவின் வண்டியைச் செய்த கம்பெனியின் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. 'அவனுங்க' என்பார், அவ்வளவுதான். இப்போது குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக, தன் கையால் எழுதினார். நானும் இங்கே அந்தப் பெயரை எழுதப்போவதில்லை. அவர் எழுதினதே போதும்.

மொரிவாகி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, காய்ச்சலா உங்களுக்கு?" என்றான்.

"காய்ச்சல் இல்லை. புற்றுநோய்."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். இவர் உட்காராமல் பலகையைப் பற்றிப் பேசினார். மற்ற இடங்களில் குடும்பப் பெயர் மட்டும் எழுதிய பலகை இருந்தது. இவர், "என் பையன் பேரை முழுசா எழுது. குடும்பப் பேர் மட்டும் போட்டா, எனக்கு எடுத்ததுன்னு நினைச்சுப்பான்" என்றார்.

வரும் வழியில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏய், நீ வாயைத் திறக்காதே. போகச் சொன்னது நான். வரச் சொல்றதும் நானா இருக்கணும். நோயைப் பத்தியும் மூச்சு விடாதே. பயந்துக்கிட்டு வர்றவன் எனக்கு வேணாம்."

"சரி, இன்னிக்கே பேசுங்க."

"ஞாயித்துக்கிழமை."

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. நான் பேசிவிட்டு நீட்டினேன். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார், பிறகு தலையை ஆட்டிவிட்டார். அடுத்த ஞாயிறும் அப்படியே. குளிக்கும்போது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்கும்: "யாசுஹிரோவா? அப்பா பேசறேன். சந்துக்கு வெளியே ஒரு இடம்... இல்லை. யாசுஹிரோவா? சாப்பிட்டியா?" சைதாமாவிலும் நாற்பது கதவுக்கு முன்னால் இப்படித்தான் நின்றிருப்பார்.

"என்னங்க, வெளியே வந்து அதையே போன்ல சொல்லுங்களேன்!"

"தண்ணி சூடாயிருக்கு, போடி."

தினமும் காலையில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த எட்டாம் இடத்தைப் பெருக்குவார். ஒரு நாள் யாரோ மீன் வண்டிக்காரன் அங்கே நிறுத்தியிருந்தான். அவன் வரும்வரை மழைத் தூறலில் நின்று, "இது ஆள் இருக்கிற இடம்பா" என்று சொல்லி எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஏழு ஞாயிறு போயிற்று.

வாயை மூடு என்று யார் சொல்லியும் நான் கேட்டவள் இல்லை. மாமியாரிடம் கேட்கவில்லை, சிப்பிக் கொட்டகை முதலாளியிடம் கேட்கவில்லை. அந்த ஏழு ஞாயிறு மட்டும் கேட்டேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே வந்திருப்பான். சொல்லவில்லை. எனக்கு நானே கொடுத்துக்கொள்ளாத வசவு பாக்கி இல்லை.

ஜூன் மாதம், மழைக்காலம் தொடங்கி மூன்றாம் நாள், வியாழக்கிழமை, துடைப்பத்தைக் கையில் எடுத்தவர் வாசலிலேயே சரிந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நான் யாசுஹிரோவைக் கூப்பிட்டு நோயைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டினேன். இடத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவராகவே சொல்லட்டும், கண் திறப்பார் என்று நினைத்தேன்.

திறக்கவில்லை. யாசுஹிரோ வந்தபோது அவர் முகத்தில் வெள்ளைத் துணி போட்டாயிற்று. நனைந்த குடையோடு நின்றான். ரயிலிலும் டிராமிலும் மாறி மாறி வந்திருக்கிறான்.

"வண்டி எங்கேடா?" என்றேன்.

"வீட்லயே விட்டுட்டேன்மா. அப்பாவுக்குப் பிடிக்காதுல்ல."

எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அவரையும் எழுப்பி அறைய வேண்டும் போல இருந்தது.

எரித்து, எலும்பைக் குச்சியால் பொறுக்கிப் பானையில் வைத்த பிறகு, மறுநாள் காலை அவனைச் சந்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனேன். மழை விட்டிருந்தது. நாலு நாளாகப் பெருக்காத இடத்தில் இலை விழுந்து கிடந்தது. அவன் பலகையைப் படித்தான். திரும்பவும் படித்தான். எல்லாவற்றையும் சொன்னேன், படிவத்தில் எழுதிய பெயரையும், குளியலறையில் பேசிப் பார்த்ததையும். அவன் கோடு போட்ட அந்த இடத்துக்குள்ளேயே குந்தி உட்கார்ந்து, பிறந்த நாளிலிருந்து நான் கேட்காத ஒரு சத்தத்தில் அழுதான். கார் நிற்க வேண்டிய இடத்தில் நாற்பத்தைந்து வயது ஆள்.

மொரிவாகி வந்து தள்ளி நின்றான். மிச்ச மாதங்களுக்கான பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றான். நான் வேண்டாம் என்றேன்.

யாசுஹிரோ மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்பா எவ்வளவு கொடுத்தார்?" என்று கேட்டான்.

மொரிவாகி சொன்னான். மாதம் ஆறாயிரம் யென், ஒரு வருஷத்துக்கு மொத்தமாக முன்பணம். பெயர் முழுசாக எழுதிய பலகைக்குத் தனியாக ஆயிரத்து எண்ணூறு.